இருட்டுக்கு ஒரு பொட்டு

ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை. ஒரு நாடக அரங்கத்துக்கு இருட்டு வேலை கேட்டு வந்தது.

விளக்குகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “உன்னை விரட்டத்தானே எங்களை வாங்கி மாட்டியிருக்கிறார்கள்!” என்றது பெரிய ஸ்பாட் லைட். தான்தான் நாடகமே என்று அதற்கு நினைப்பு.

ஒளியமைப்பாளர் பூங்கோதை மட்டும் இருட்டுக்கு இடம் கொடுத்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை அந்த நாடகம். வெள்ளை உப்பின் கண்கூசும் ஒளி தின்று தின்று அவள் பார்வை போய்விடுகிறது. அந்தக் கட்டத்தில் எல்லா விளக்கும் பத்து விநாடி அணைய வேண்டும் என்று, விளக்கு மாற்றங்களை வரிசையாகக் குறிக்கும் திட்டத்தாளில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே எழுதினாள். இருட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒத்திகையில் விளக்குகள் பட்டென்று அணைந்தன. இருட்டு மேடையேறி மூச்சுக்கூட விட்டிருக்காது. “கரண்ட் போச்சு!” என்று ஓடிய எலக்ட்ரீஷியன் அந்தோணி, ஜெனரேட்டரை முடுக்கி டியூப் லைட்டையெல்லாம் போட்டுவிட்டார். நடிகர்கள் ஆளுக்கொரு செல்போனில் டார்ச் அடித்தார்கள்.

இயக்குநர் தாமோதரன் தலையில் அடித்துக்கொண்டார். “நம்ம ஊர்ல இருட்டுன்னா கரண்ட் கட்டுதான்மா. நாளன்னைக்கு நாடகம். பேசாம நீல லைட்டைப் போட்டுடு.”

இருட்டு கூனிக்குறுகி மேடைக்கு அடியில் போய் அழுதது. உலகத்தில் பாதி அதற்குச் சொந்தம். பத்து விநாடிக்கு வக்கில்லை!

பூங்கோதை விடவில்லை. மறுநாள் காலையிலேயே தூத்துக்குடி உப்பளத்துக்குப் பஸ் ஏறினாள். இருட்டும் அவள் கைப்பைக்குள் ஒண்டிக்கொண்டது.

அங்கே வேலை செய்து பார்வையிழந்த ராஜகனியைக் கண்டு, “எப்படிக்கா போச்சு?” என்று கேட்டாள்.

“ஒரேயடியாவா போச்சு? ஓரத்துல இருந்து மெள்ள மெள்ள உள்ள வந்துச்சு. கடைசியில எங் கை மட்டும் தெரிஞ்சுது. பெறவு அதுவும் இல்ல.”

பைக்குள் இருந்த இருட்டுக்குச் சுரீரென்றது. ‘அடடா, திருடன் மாதிரி குதித்துவிட்டேனே!’

சாயங்காலம் திரும்பி வந்ததும் பூங்கோதை திட்டத்தை மாற்றி எழுதினாள். ஓரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மங்க வேண்டும். கடைசியில் ஸ்பாட் லைட் நாயகியின் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி அணைய வேண்டும்.

“இந்த ஒரு தடவை, சார். மறுபடி அந்தோணியண்ணன் ஓடினா நான் இந்த வேலையையே விட்டுடறேன்” என்று தாமோதரனைச் சம்மதிக்க வைத்தாள்.

ஸ்பாட் லைட்டுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “நேற்று வந்த பயலுக்கு நான் வழிவிடுவதா?” உலகம் பிறக்கும் முன்பே பிறந்த இருட்டைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு!

இருட்டு பணிவாகச் சொன்னது: “எல்லாரும் போன பிறகும் கடைசியாக நிற்கப்போவது நீங்கள்தானே, அண்ணே.”

கடைசி ஆள் என்றதும் ஸ்பாட் லைட் குளிர்ந்துபோயிற்று.

நாடகத்தன்று வழக்கம்போல ஒவ்வொரு விளக்குக்கும் பூங்கோதை சந்தனமும் குங்குமமும் வைத்தாள். இருட்டுக்கு எங்கே வைப்பது?

பதினேழு வந்தது. ஓரங்கள் மங்கின. வானம் போயிற்று, உப்பு போயிற்று, முகம் போயிற்று. நாயகியின் கை மட்டும் நின்றது. பிறகு அதுவும் இல்லை.

ஒரு செல்போன்கூட எரியவில்லை. அந்தோணி வாய் பிளந்து நின்ற இடத்திலேயே நின்றார். எங்கோ ஒருவர் விம்மினார். விளக்கு வரும்வரை பொறுக்காமல் அரங்கமே கைதட்டியது. இருட்டு தரைக்கும் கூரைக்குமாக நிமிர்ந்து நின்றது.

“யாருக்குடா இந்தக் கைதட்டல்?” என்றது ஸ்பாட் லைட்.

“நீங்கள் இப்போது எரிகிறீர்களா, அண்ணே?” என்றது இருட்டு.

விளக்கு வருவதற்குள் பூங்கோதை திட்டத்தாளைத் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தால் பதினேழுக்கு எதிரே ஒரு பொட்டு வைத்தாள்.