வாசல்ல நின்னு சொன்ன சேதி

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. அவங்களுக்கு அப்பா அம்மா இல்ல. அக்கா பேரு ஆல்டிஸ், தம்பி பேரு ஈவார். சிரிக்காதே, அந்த ஊர்ல அப்படித்தான் பேரு வைப்பாங்க. உன் பேரைக் கேட்டா அவங்களும் சிரிப்பாங்க. காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கோ. கேக்குறியா?

"ம்."

ஊருன்னா பக்கத்துல இல்ல. வடக்க, ரொம்ப வடக்க, கடலுக்கு நடுவுல ஒரு தீவு. அங்க மலைக்கு மேல பனி, உள்ள நெருப்பு. வெயில் காலத்துல ராத்திரியே வராது. குளிர் காலத்துல சூரியன் சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிடும். நெல்லு விளையாது. மீனு, ஆடு, கெட்டித் தயிரு, அவ்வளவுதான் சாப்பாடு.

"போலீஸ் இருக்கா அத்தை?"

போலீஸும் இல்ல, ராஜாவும் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஒரு பெரிய பாறைக்கிட்ட கூடுவாங்க. சட்டமெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கிற ஒரு பெரியவர் பாறை மேல ஏறி நின்னு சொல்லுவார். சண்டை சச்சரவெல்லாம் அங்கதான் தீரும்.

அந்தச் சட்டத்துல ஒண்ணு, நல்லா கேட்டுக்கோ. ஒருத்தன் கோவத்துல இன்னொருத்தனைக் கொன்னுட்டான்னு வை. தப்புதான், பெரிய தப்பு. ஆனா அன்னைக்கே, வழியில வர்ற முதல் வீட்டு வாசல்ல நின்னு, "நான் இன்னாரைக் கொன்னுட்டேன்"னு சொல்லிடணும். அந்த வீட்டுக்காரங்க உடனே ஊருக்குச் சொல்லணும். அப்படிச் சொன்னவனை உட்கார வச்சுப் பேசுவாங்க, சமாதானத்துக்கு வழி இருக்கும். சொல்லாம மறைச்சவன் ஊருக்கே ஆகாதவன். அவனுக்கு யாரும் சோறு போடக்கூடாது, படகுல ஏத்தக்கூடாது. யார் வேணா அவனைக் கொல்லலாம், ஏன்னு கேக்க ஆள் கிடையாது. ஊர்விலக்குன்னா அதான்.

அப்புறம் ஆல்டிஸுக்குக் கல்யாணம் ஆச்சு. புருஷன் பேரு போட்வர். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் ஒரு தம்பி, ஸ்டைன்னு பேரு. தம்பின்னா உசுரு அவனுக்கு. அக்காவுக்கு ஒரு தம்பி, புருஷனுக்கு ஒரு தம்பி. ஆல்டிஸ் ரெண்டு பேருக்கும் சோறு போட்டா. ரெண்டு பேரும் கொஞ்சம் முரடு.

ஒரு நாள் கடற்கரையில ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கிச்சு. வீடு உசரம்! குளிர்காலம் முழுக்க ஒரு ஊரே சாப்பிடலாம். ஈவாரும் ஸ்டைனும் வெட்டப் போனாங்க. "நான்தான் முதல்ல பார்த்தேன்"னான் இவன். "எங்க நிலத்துலதான் ஒதுங்கியிருக்கு"ன்னான் அவன். நீயும் உன் அண்ணனும் ரிமோட்டுக்கு அடிச்சுக்குவீங்களே, அதே மாதிரிதான். ஆனா இவங்க கையில கோடாலி இருந்துச்சு. ஸ்டைன் கறி இழுக்கிற கொக்கியால ஈவார் தோள்ல ஒரு இழு இழுத்தான். ஈவார் திரும்பினான். சதக்!

அவ்வளவுதான். ஸ்டைன் விழுந்துட்டான்.

"செத்துட்டானா?"

ம், செத்துட்டான். ஈவார் கத்தினான், உலுக்கினான், எழுந்திருடான்னான். எழுந்திருக்கல. அப்புறம் தன் போர்வையைக் கழட்டி ஸ்டைன் மேல மூடினான். செத்தவனை வெறுமனே விட்டுட்டுப் போகக்கூடாது, அதுவும் அவங்க வழக்கம். அப்புறம் சேதி சொல்லக் கிளம்பினான்.

வழியில முதல் வீடு யாரு வீடு?

"...அக்கா வீடு."

அக்கா வீடேதான். செத்தவனோட சொந்தக்காரங்க வீடுன்னா தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகலாம்னு சட்டத்துலயே இடம் உண்டு. போயிருக்கலாம் அவன். ஆனா அவனுக்கு அது செத்தவன் வீடாத் தெரியல, அக்கா வீடாத்தான் தெரிஞ்சுது. டொக் டொக் டொக்!

ஆல்டிஸ் கதவைத் திறந்தா. இடுப்புல கைக்குழந்தை. ஈவார் வாசல்லயே நின்னு சொன்னான், "அக்கா, நான் ஸ்டைனைக் கொன்னுட்டேன். கடற்கரையில கிடக்கான். என் போர்வையால மூடியிருக்கேன்."

அவ வெளிய எட்டிப் பார்த்தா. மேட்டுல நாய் லொள் லொள்ளுன்னு குரைக்குது. போட்வர் ஆடுகளை ஓட்டிக்கிட்டு வர்றான்.

"ஓடிப் போயிடு"ன்னா.

"சொல்லணும்கா. இன்னைக்கே சொல்லணும்."

"எங்கிட்ட சொல்லிட்டேல்ல? மத்ததை நான் பார்த்துக்கறேன். போடா!"

அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவன் மலைப்பக்கம் போயிட்டான். நீயா இருந்தாலும் போயிருப்பே.

போட்வர் வந்தான். கை கழுவினான். "ஸ்டைன் வரலையா?"ன்னான். சாப்பிட்டப்புறம் சொல்லலாம்னு அவ தயிர் ஊத்தினா. சாப்பிட்டான். தம்பி கொஞ்ச தூரம் போயிருக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு பாத்திரம் கழுவினா. ஸ்டைனுக்கு ஒரு தட்டுல எடுத்து மூடி வைன்னு போட்வர் சொன்னான். எடுத்து மூடி வச்சா. எனக்கு இந்த இடத்துல அவ மேல கோவம் கோவமா வரும். வாயைத் திறந்து சொல்லேன்டி! சொல்லல. அந்த நாள் போயிடுச்சு.

விடிஞ்சதும் கடற்கரையில பறவைக் கூட்டத்தைப் பார்த்து ஜனங்க ஓடினாங்க. போட்வர் தம்பியைத் தன் தோள்லயே தூக்கிட்டு வந்தான். ரத்தம் காஞ்ச அந்தப் போர்வையை வீட்டுக்குள்ள ஒரு ஆணியில மாட்டினான். அது ஈவார் போர்வைன்னு எல்லாருக்கும் தெரியும். பழி தீர்க்கிற வரைக்கும் அதைத் துவைக்கமாட்டாங்க. தினம் அதுக்குக் கீழதான் ஆல்டிஸ் அடுப்பு மூட்டணும்.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் வெயில்காலம் வந்துச்சு. பாறைக்கிட்ட ஊர் கூடுச்சு. ஈவார் ஓடி ஒளியல, அவனே வந்து நின்னான். அக்கா சொல்லியிருப்பா, உட்கார்ந்து பேசி முடிக்கலாம்னு நம்பி வந்தான் பாவம்.

பெரியவர் பாறை மேல இருந்து கேட்டார், "கொன்ன அன்னைக்கு இவன் சேதி சொன்னதை யாராவது கேட்டீங்களா?"

ஒருத்தரும் பேசல. காத்து மட்டும் உய்ய்ய்னு அடிக்குது.

ரெண்டாவது தடவை கேட்டார். ஆல்டிஸ் போட்வர் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா. எழுந்து நிக்கணும், ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா தம்பி பிழைப்பான். ஆனா, 'உன் தம்பி செத்துக் கிடக்கான்னு தெரிஞ்சுக்கிட்டே உனக்குச் சோறு போட்டேன், அவனுக்கும் தட்டு எடுத்து வச்சேன்'னு புருஷனுக்குத் தெரிஞ்சுபோகும். கைக்குழந்தை மடியில. அவளால எழுந்திருக்க முடியல.

மூணாவது தடவை பெரியவர் ஈவாரையே கேட்டார், "நீயே சொல்லு. யார்கிட்ட சொன்னே?"

ஈவார் அக்காவைப் பார்த்தான். அவ மொகத்தைப் பார்த்தவுடனே அவனுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.

"யார்கிட்டயும் சொல்லல"ன்னான்.

"பொய்!"

ஆமாண்டா தங்கம், பொய்தான். அக்காவுக்காகச் சொன்ன பொய். அப்போவே ஊர்விலக்கு போட்டுட்டாங்க. ஓடிப்போக ஒரு பொழுது மட்டும் குடுத்தாங்க.

அப்புறம் அவன் மலைக்குகையில இருந்தான். பறவை முட்டை, பாசி, இதுதான் சாப்பாடு. போட்வர் அவனைத் தேடிக்கிட்டே இருந்தான். ஒவ்வொரு குளிர்காலமும், போட்வர் வெளியூர் போனப்ப ஒரு தடவை, ஈவார் அக்கா வீட்டுக்கு வருவான். முதல் தடவை காஞ்ச மீன் குடுத்தா, நின்னுக்கிட்டே தின்னான். அடுத்த குளிர்ல சாப்பாடு வேண்டாம்னுட்டான், அடுப்புக்கிட்ட கையை மட்டும் காட்டிட்டுப் போனான். விரலெல்லாம் பனியில கறுத்துப் போயிருந்துச்சு.

மூணாவது தடவை உள்ளயே வரல. டொக் டொக். வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டான்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னேன்ல? உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குடா."

"போதும்கா. நானே எனக்குப் பொய்யாத் தெரிய ஆரம்பிச்சுட்டேன்"ன்னுட்டு பனியில இறங்கிப் போயிட்டான்.

பகல்தான், ஆனா மங்கலா இருந்துச்சு. அன்னைக்குன்னு போட்வர் சீக்கிரம் திரும்பிட்டான். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால ரெண்டு பேரும் நேருக்கு நேர். ஈவார் கையில கோல் கூட இல்ல. ஆல்டிஸ் உள்ள கறி வெட்டிக்கிட்டு இருந்தா, அவளுக்கு ஒரு சத்தமும் கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, டொக். ஒரே ஒரு டொக்.

கதவைத் திறந்தா. போட்வர் நிக்கிறான்.

"உன் தம்பியைக் கொன்னுட்டேன். பட்டிக்குப் பின்னால கிடக்கான். விலக்கானவனைக் கொன்னா சொல்லணும்னு சட்டம் இல்ல. ஆனா உங்கிட்ட மறைக்க எனக்கு மனசு வரல."

அவ கையில கத்தி இருக்கு. கூடப் பிறந்தவனைக் கொன்னவனைச் சும்மா விடக்கூடாது, அந்த ஊர்ல அதுவும் வழக்கம்தான். போட்வரும் கத்தியைப் பார்த்தான். நகரல.

"என்னைக் கொல்றதுன்னா கொல்லு"ன்னான்.

கத்தி கீழ விழுந்துச்சு. ணங்!

"நீங்க நிக்கிற இடத்துலதான் அவனும் நின்னான்"ன்னா. "அன்னைக்கே சொல்லிட்டான். எங்கிட்ட சொன்னான். மறைச்சது நான்."

போட்வர் அப்படியே வாசல்படியில உட்கார்ந்துட்டான். அப்புறம், "அப்போ உட்கார வச்சுப் பேசியிருக்கலாமே"ன்னான். "என் மச்சானைப் போய்..." மேல சொல்ல முடியல, குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் அழுதா. ஒருத்தரை ஒருத்தர் தொடல.

அப்புறம் அவ போய் ஆணியில இருந்து அந்தப் போர்வையை எடுத்தா. ஸ்டைன் ரத்தம் அதுல காஞ்சிருந்துச்சு. அதையே கொண்டு போய்த் தம்பி மேல மூடினா. அவன் போர்வைதானே, அவன்கிட்டயே போயிடுச்சு. ஒரு ஓரம் மடங்கி இருந்துச்சு. போட்வர் குனிஞ்சு சரி பண்ணினான்.

அடுத்த வெயில்காலம் ஊர் கூடினப்போ, யாரும் கேக்காமலேயே ஆல்டிஸ் எழுந்து நின்னு எல்லாத்தையும் சொன்னா. சில பேர் காறித் துப்பினாங்க. "இப்போ சொல்லி என்னம்மா ஆகும்?"னார் பெரியவர். "ஒண்ணும் ஆகாது. அவன் சொன்னான், அது எல்லாருக்கும் தெரியணும்"னா. ஈவார் பேருல இருந்த விலக்கை எடுத்துட்டாங்க. பேருக்குத்தான் எடுக்க முடிஞ்சுது.

"போட்வர் அவளை வெட்டலையா?"

இல்லடா. அவளும் அவனை வெட்டல. ஒரே வீட்ல, ஒரே அடுப்புல, கிழமாகிற வரைக்கும் இருந்தாங்க. சிரிச்சு யாரும் பார்க்கல. ஆனா கதவை யாரு தட்டினாலும், மழையோ பனியோ, அவதான் போய்த் திறப்பா. வந்தவங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லுவாளாம், "என்ன சேதியா இருந்தாலும் சத்தமாச் சொல்லுங்க. உள்ள இருக்கிறவருக்கும் கேக்கணும்."

ம்?

என்னடா, சத்தத்தையே காணோம். சரி சரி. கதை அவங்க வாசலோட நின்னுடுச்சு. கண்ணு மூடியே இருக்கட்டும், தூங்கு.