மூக்காண்டிகுளத்தார் சிஸ்டம் கட்டிய வைபவம்

மூக்காண்டிகுளம் என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேடாதீர்கள். அந்த ஊர்க்காரர்களே ஒரு தடவை தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும், 'இல்லாத ஊரில் எப்படிக் குடியிருப்பது' என்று கொஞ்ச நாள் பக்கத்து ஊரில் போய் இருந்துவிட்டு வந்தார்கள்.

அங்கே கணினி முன்னேற்றச் சங்கம் ஒன்று உண்டு. கணினி இருந்தது, சங்கம் இருந்தது. முன்னேற்றம் மட்டும் வழியில் எங்கோ பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது. தலைவர் கொம்பையா அண்ணாச்சி. கணினியைத் தொட்டே அறியாதவர். அதனால் அவர் கைபட்டு ஒன்றும் கெட்டதில்லை என்று நல்ல பேர். செயலாளர் ஆவுடையப்பன். கணினியைத் தொடத் தெரிந்தவன், நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று ஊரில் ஒரு பேச்சு.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு வரன் வந்தது. தரகர் பெண்வீட்டில் போய் வாய்க்கு வந்ததை அளந்திருந்தார்: "மாப்பிள்ளை சாமானியப்பட்ட ஆளில்லை. கம்ப்யூட்டரையே எழுப்பி வேலை வாங்குகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கே, அதைச் சொந்தமா கட்டி வச்சிருக்காரு."

பெண்ணின் அப்பா பிரம்மநாயகம் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழமை வாறோம். கண்ணால பாக்கணும். இருந்தா பேசி முடிச்சிருவோம். இல்லேன்னா காப்பி குடிக்கக்கூட நிக்க மாட்டோம்."

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இது போனால் அடுத்த வரன் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் நந்திதான் என்று அவனுக்கே தெரியும். சங்கத்தைக் கூட்டினான்.

ஒரு சிஸ்டத்தின் மூல நிரல் முழுவதும் இணையத்தில் சும்மா கிடக்கிறது, இறக்கி நாமே கட்டிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தார்கள். இறக்கியும் விட்டார்கள். கட்டும் முறையைத் தமிழில் எழுதிவைத்திருந்த புண்ணியவான், தன் எழுத்தை இவர்களும் படிப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். முதல் வரியே இப்படி: 'இந்த நிரல் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. எல்லோருக்கும் சமமாக உரியது.'

கொம்பையா அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப கூறு போட்டுரணும்."

கோயில் கொடைத் திருவிழாவில் கெடா வெட்டினால் மூக்காண்டிகுளத்தில் கறியை வீட்டுக்கு ஒரு கூறாக ஓலைப்பாயில் வைப்பார்கள். ஒருவன் முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான். முதுகு காட்டியவன் ஒரு வீட்டுப் பேரைச் சொல்வான். சண்டை வராது. அதே முறைப்படி சங்கத்து உறுப்பினன் உச்சிமகாளி கணினிக்கு முதுகைக் காட்டி நின்றான். ஆவுடையப்பன் ஒவ்வொரு கோப்பாகத் தொட்டு "இது யாருக்கு?" என்றான். அவரவர் வீட்டுப் போனில் அவரவர் கூறு போய்ச் சேர்ந்தது.

நடுவில் ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம். "அண்ணாச்சி, எல்லாருக்கும் நகல் குடுத்துட்டு அசலை இங்கயே வச்சுக்கிடலாம்லா?"

"ஏம்டே, கறியைக் கூறு போட்டுட்டு ஆட்டை மறுபடி தொழுவத்துல கட்டினதுண்டா?"

நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்துக் கொடுத்து, கணினியைத் துடைத்த பாய்போல ஆக்கிவிட்டு, கட்டும்படி உத்தரவு கொடுத்தான். கணினி 'கோப்பைக் காணோம்' என்றது.

"காணோம்னா என்ன? கூறு வாங்கின மாசானம் வீட்டுல இருக்குன்னு சொல்லு" என்றார் அண்ணாச்சி. ஆவுடையப்பன் தட்டச்சு செய்தே சொன்னான். கணினி போய் வாங்கி வருவதாக இல்லை.

"மறுபடி இறக்கிக்கிடுவோமா?"

"ஒரு கொடைக்கு ஒரு கெடாதான்டே. போய் வீடு வீடாக் கேட்டு வா."

கல்யாணம் ஆகவேண்டியவன் அவன்தானே. வீடு வீடாகப் போனான். மாசானம் திண்டாட வைத்துவிட்டான். அவன் கூறில் வந்தது பூராவும் குறிப்பு வரிகள். தலையில் ஓர் அடையாளம் போட்டு, மனுசர் படிக்க மட்டும் எழுதிவைப்பது. கணினி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

"ஊருக்கெல்லாம் கறி, எனக்கு மட்டும் எலும்பாவே? உச்சிமகாளிக்கு விசைப்பலகையை ஓட்டுற கோப்பே போயிருக்கு! நான் தரமாட்டேன். சூப்பு வச்சாவது குடிப்பேன்."

கடைசியில் எல்லாரும் ஒரு நிபந்தனையின்பேரில் இரங்கினார்கள். கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேரெழுதுகிற ஊர் அது. ஒவ்வொரு கோப்பின் உச்சியிலும் 'உபயம்: இன்னார் குடும்பத்தார்' என்று எழுதித்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

கணினி முதல் வரியிலேயே முறுக்கிக்கொண்டது. புரியவில்லையாம்.

"உபயத்துல பேர் போட்டிருக்க எங்க பெரியப்பாவைத் தெரியாதுங்குதா? ஜில்லாவுக்கே தெரியுமே!" என்று உச்சிமகாளி கையை ஓங்கினான்.

"குறிப்பு அடையாளம் போட்டுட்டா தாண்டிப் போயிரும்" என்றான் ஆவுடையப்பன்.

"எங்க பெரியப்பாவையா? தாண்டியா?"

கூட்டம் கொந்தளித்தது. ஆவுடையப்பனுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக மூளை வேலை செய்தது. "தாண்டாதுவே. மனசுக்குள்ள படிச்சுக்கிடும். வெளிய காட்டாது. மரியாதை."

மரியாதை என்றதும் அடங்கிவிட்டார்கள். அடையாளம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுமானம் ஓடத் தொடங்கியது. கட்டும் முறையில் கடைசி எச்சரிக்கை: 'மின்சாரம் நிற்கக் கூடாது. நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது.'

மின்சாரத்துக்கு ஒரு யுபிஎஸ் வாங்கி மாட்டினார்கள். குறுக்கிடாமல் இருப்பதற்கு அண்ணாச்சி ஊர் முழுவதையும் வாயைப் பொத்தச் சொன்னார். சங்கத்து வாசலில் ஊரே தலையைக் குனிந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றது. தூசி படாமல் கணினிமேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி, திரை மட்டும் தெரியவிட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெண்வீட்டார் வந்து இறங்கினார்கள்.

வாசல் நிறையக் கூட்டம். ஒருத்தர் வாயிலும் வார்த்தை இல்லை. உள்ளே வெள்ளைத் துணி. பிரம்மநாயகத்தின் சம்சாரம் அனுபவஸ்தி. செருப்பைக் கழற்றும்போதே "என்னப் பெத்த ராசா!" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

பிரம்மநாயகம் ஆவுடையப்பன் தோளில் கைவைத்து, "யாரு தம்பி?" என்றார்.

பேசினால் சிஸ்டம் போய்விடும். பேசாவிட்டால் பெண் போய்விடும். ஆவுடையப்பன் கண்ணில் தண்ணீர் முட்ட, கணினியைக் கைகாட்டினான்.

"ஐயோ, நீங்க கட்டின சிஸ்டமா? நாங்க பாக்குமுன்னே போயிட்டுதா?"

அவன் தலையை எந்தப் பக்கம் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

பிரம்மநாயகம் உருகிவிட்டார். "ஒரு மிசினுக்கு இம்புட்டு அழுகிறவன் எம்மவளைக் கண்கலங்க விடுவானா? எனக்குச் சம்மதம். ஆனா சாவு விழுந்த எடம். ஒரு மாசத்துக்குள்ள நல்லதை முடிக்கணும், இல்லேன்னா ஒரு வருசம் ஆயிரும். அதனால அடுத்த முகூர்த்தத்துலயே வச்சிருவோம். மொதல்ல எடுக்கிற காரியத்தைப் பாருங்க." மாலை வாங்கிவர ஆள் அனுப்பினார்.

அவர் வெளியே திரும்பியதும் கட்டுமானம் முடிந்தது. புது சிஸ்டம் பளிச்சென்று எழுந்து திரையில் 'நல்வரவு' என்றது.

மூன்று தலைகள் வேட்டிக்குள் புகுந்தன.

"அண்ணாச்சி, உயிரோட இருக்கு! போய்ச் சொல்லிருவோமா?" என்றான் உச்சிமகாளி.

"வெளங்காதவனே. உயிரோட இருந்தா சாவு இல்லை. சாவு இல்லேன்னா அவசரம் இல்லை. அவசரம் இல்லேன்னா மாப்பிள்ளையை நிதானமா விசாரிப்பாங்க. விசாரிச்சா இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

ஆவுடையப்பன் தான் கட்டிய சிஸ்டத்தை ஒரு தடவை ஆசைதீரப் பார்த்தான். பிறகு வேட்டியை இழுத்துத் திரையையும் மூடினான். "தூக்குங்க" என்றான்.

பாடை கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு எடுத்தார்கள். மின்சாரம் நிற்கக் கூடாதே, யுபிஎஸ்ஸையும் கால்மாட்டில் கட்டி வைத்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள், மின்சாரம் இல்லாத கோபத்தில், அது 'கீங்... கீங்...' என்று கத்தத் தொடங்கியது.

முன்னால் போன பிரம்மநாயகம் நின்று திரும்பினார். "என்ன சத்தம், அண்ணாச்சி?"

கொம்பையா அண்ணாச்சி தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"சங்கு ஊதுறவன் இன்னைக்கு வெளியூர் போயிட்டான், சம்பந்தி. அதான் பாவம், அதுவே ஊதிக்கிட்டு வருது."