மை கரைந்த சீட்டு

அநியாயம் நடந்தது கடல் ஆராய்ச்சி செய்யும் ஜெனோவாவுக்கு. தென்துருவக் கடலின் தரையிலிருந்து வந்த ஓர் உயிரியை அவள்தான் கண்டெடுத்தாள். அதைப் பற்றிய கட்டுரையில் இன்று அவள் பெயர் இல்லை. அடுத்த பயணக் குழுவிலும் இல்லை. அவள் செய்த குற்றம், கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னது. "குற்றமே இல்லையா? அவளால் ஒரு கடல்திட்டே அழியப்போகிறதே!" என்று சீறுகிறவர்களும் உண்டு. அவர்களையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

ஆராய்ச்சிக் கப்பல் அன்று மூன்று இடங்களில் சிறுவலை இறக்கியது. முதல் இரண்டு இடங்களிலும் சேறும் கல்லும் கொஞ்சம் புழுக்களும்தான். மூன்றாவது, நானூறு மீட்டர் ஆழத்தில் ஒரு திட்டு. உப்பு மட்டும் இல்லையென்றால் உறைந்தே போயிருக்கும் அந்த நீரில், ஆள் உயரக் கடற்பஞ்சுகளும் அவற்றின் இடுக்குகளில் நட்சத்திரமீன்களும் கடல் வெள்ளரிகளும் நெருக்கியடித்து வாழ்ந்தன. அங்கே கடல்தரையை வாரிச் செல்லும் இழுவைமடி வலை போட மீன்பிடிக் கப்பல்கள் அனுமதி கேட்டிருந்தன. ஒருமுறை மடி உரசினால் போதும். அந்தப் பஞ்சுகள் மறுபடி வளர நூறு வருடம் ஆகும். வேறெங்கும் காணாத உயிர் ஒன்று அங்கே உண்டு என்று காட்டினால் தடை வாங்கிவிடலாம் என்பது குழுத்தலைவர் வேதமாணிக்கத்தின் கணக்கு.

மூன்றாவது வலையைப் பிரித்து, பதிவேட்டையும் மூடியாயிற்று. கடலில் திருப்பிக் கொட்ட ஒதுக்கியிருந்த பஞ்சுக் குவியலை ஜெனோவா இன்னொரு முறை கிளறினாள். உள்ளங்கை அளவில் ஒரு கடல் சிலந்தி. கால்களுக்கிடையே முட்டைக் கொத்து.

"அப்பன்காரன் முட்டை சுமக்கிறான் பாருங்க சார்! நம்ம துறையில இப்படி யாராவது உண்டா?"

"முதல்ல குப்பியில போடும்மா, அப்புறம் என்னைக் கிண்டல் பண்ணு" என்றார் வேதமாணிக்கம். அவர் பார்த்த வரையில், அதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் அது.

குப்பியில் சாராயம் ஊற்றி, எந்த இடம், என்ன ஆழம், என்ன தேதி என்று எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுவது வழக்கம். உயிரியைத் தூக்கிய இடத்திலேயே, அப்போதே, பென்சிலால் எழுத வேண்டும். சீட்டு இல்லாத உயிரி எங்கிருந்தும் வந்ததாக இருக்கலாம். பதிவேட்டிலும் ஏறாத இந்தச் சிலந்திக்குச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. அன்று சீட்டு எழுதியவர் அறவாழி, ஐந்தாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவர். குளிரில் விரல் மரத்து, பென்சில் முனை மூன்று தரம் உடைந்தது. சட்டைப்பையிலிருந்த பேனாவால் எழுதிப் போட்டுவிட்டார்.

பதினெட்டாம் நாள், கரையில், ஆய்வகத்தில் குப்பியை எடுத்தார்கள். சாராயம் லேசாக நீலம். சீட்டு வெள்ளை.

"நான்தான். பேனாவால எழுதிட்டேன்" என்றார் அறவாழி. முகம் அந்தச் சீட்டு மாதிரியே வெளுத்திருந்தது.

வேதமாணிக்கம் திட்டவில்லை. புதுச் சீட்டு ஒன்றை அவர் முன் தள்ளினார். "மூணாவது இடம்தானே? நாம மூணு பேரும் கண்ணால பார்த்தோம். எழுது. அன்னைக்குத் தேதியே போடு."

"இன்னைக்குத் தேதி போடுங்க சார்" என்றாள் ஜெனோவா. "பழைய சீட்டு அழிஞ்சுது, நினைவிலிருந்து எழுதினதுன்னு போடுங்க."

"போட்டா, நினைவுதானேன்னு ஒதுக்கிடுவாங்க. அந்தத் திட்டுல மடி இறங்கும். அது உனக்குச் சம்மதமா?"

வலை இறக்கிய நாளின் தேதியையே போட்டு அறவாழி எழுதினார். சீட்டு உள்ளே போயிற்று.

அடுத்த மாதம் கடல் பாதுகாப்புக் குழுவின் முன் அந்தப் பயணத்தில் சேர்த்த நாற்பத்தொரு குப்பிகளும் வரிசையாக நின்றன. உறுப்பினர்களில் ஒரு பெண்மணி சிலந்திக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கண்டெடுத்தவர் யார் என்று கேட்டு, ஜெனோவாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சீட்டு கப்பலிலேயே எழுதியதுதானா?"

வேதமாணிக்கம் அவளையே பார்த்தார். அறவாழி தரையைப் பார்த்தார். அந்தத் திட்டை அவர்கள் இருவரைவிட அதிகமாக நேசித்தவள் அவள்.

"இல்லை. கரையில், பதினெட்டு நாள் கழித்து எழுதியது. உயிரி வந்தது மூன்றாவது இடத்திலிருந்துதான்; அது என் நினைவு. மற்ற நாற்பது சீட்டும் கப்பலில் எழுதியவை."

முடிவு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அதுவரை அந்தத் திட்டில் மடி போடத் தடையில்லை. வெளியே வந்ததும் வேதமாணிக்கம் சொன்னது இது: "விசைப்படகுக்காரர் மகதானே! உன் பாசம் மடிமேலதான் இருக்கும்." தூத்துக்குடியில் அவள் அப்பாவுக்கு மடி இழுக்கும் விசைப்படகு உண்டு. அன்று மாலையே கட்டுரையிலிருந்து அவள் பெயர் போயிற்று.

திட்டைக் காக்க உண்மையான இடத்தையே பொய்த் தேதியில் எழுதச் சொன்னார் ஒருவர். தன் தவற்றை ஒப்புக்கொண்டும் அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தார் ஒருவர். காக்கப்பட வேண்டியதே கைநழுவும் என்று தெரிந்தும் உள்ளதைச் சொன்னாள் ஒருத்தி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெனோவா. "எழுதிய இடம் உண்மைதானே?" என்று வாதாடுவீர்கள். இடம் உண்மை, ஆனால் சீட்டு என்பது இடத்தை மட்டும் சொல்வதில்லை, 'நான் அப்போதே அங்கேயே எழுதப்பட்டேன்' என்றும் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சி பொய். பொய் என்று பின்னால் தெரிந்திருந்தால், அதே கையெழுத்தில் இருக்கும் மற்ற நாற்பதையும் யார் நம்புவார்கள்? அந்த நாற்பதில் இருபத்தாறு அதே திட்டிலிருந்து வந்தவை. தடைக்கு இனி மிச்சமிருக்கும் வழக்கே அவைதான். வேதமாணிக்கம் ஓர் உயிரிக்காக இருபத்தாறையும் பணயம் வைத்தார். இதை அறவாழிக்கு விளக்க அவளுக்கு இவ்வளவு பேச்சு தேவைப்படவில்லை. "உனக்கே நிச்சயமாத் தெரியுமே ஜெனோவா, அது மூணாவது இடம்னு. அப்புறம் ஏன்?" என்று அவர் கேட்டபோது அவள் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்ணே. எனக்குத் தெரியும்னு எங்க வேணும்னாலும் எழுதிக் கையெழுத்துப் போடுறேன். குப்பிக்குத் தெரியும்னு எழுத மாட்டேன்."