ஒன்பதாம் நாள் அவிழ்ந்த கயிறு

நியாயம் பேசுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

தேசிங்கு சாக்கடைக் குழியில் இறங்கி அடைப்பு எடுக்கிறவன். வயது இருபத்தாறு. இறங்குமுன் ஒரு பாக்கெட் கள்ளச்சாராயம் குடிப்பான். குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்கியவன் அவர்கள் குடியிருப்பில் ஒருவனும் இல்லை. அதே சாராயம் குடித்த இரண்டு பையன்களுக்குப் பக்கத்துத் தெருவில் பார்வை போயிற்று. பயந்துபோன மனைவி கஸ்தூரி அவனைக் கோயிலுக்கு இழுத்துச் சென்று, நாற்பத்தெட்டு நாள் தொடமாட்டேன் என்று கையில் கயிறு கட்டவைத்தாள். கயிற்றோடு குடித்தால் சாமி கண்ணைக் குத்தும், கழற்றிவிட்டுக் குடித்தால் தோஷமில்லை என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

ஒன்பதாம் நாள் காலை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுத்தொட்டி பொங்கியது. உறிஞ்சும் லாரி மாலையில்தான் வரும் என்றார்கள். அதுவரை பொறுக்க முடியாது என்று வீட்டுக்காரர்கள் சொல்ல, மேஸ்திரி கன்னியப்பன் தேசிங்கை இறக்கினான். குடிக்காமல் இரண்டு முறை இறங்கியவன், இரண்டு முறையும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து ஏறிவிட்டான். மேஸ்திரி உடனே கஸ்தூரியின் தம்பி பிரதாப்பைக் கூப்பிட்டான். பத்தொன்பது வயசுப் பிள்ளை, மேலே நின்று வாளி இழுக்கிறவன். குழியும் தெரியாது, சாராயமும் தெரியாது. அவன் கையில் பாக்கெட்டைத் திணித்து, முடியாது என்றால் நாளை முதல் மாமனும் வரவேண்டாம், மச்சானும் வரவேண்டாம் என்றுவிட்டான்.

சாப்பாடு கொண்டுவந்த கஸ்தூரி இதைப் பார்த்தாள். நேரே போய்ப் புருஷன் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

"சாமி வாக்கு எங்கிட்ட இருக்கட்டும். நீ குடிய்யா."

தேசிங்கு குடித்தான், இறங்கினான், அடைப்பை எடுத்தான். மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு, படுத்தபடியே கேட்டான்.

"லைட்டப் போடு, கஸ்தூரி."

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் கஸ்தூரி, நான்தானே அவிழ்த்தேன் என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். மாமாவுக்குப் பதில் நான் இறங்கியிருக்க வேண்டும் என்கிறான் பிரதாப். சாராயத்தை நானா காய்ச்சினேன் என்கிறான் மேஸ்திரி.

சொல்லுங்கள், தேசிங்கின் கண்ணைக் குத்தியது யார்?

சாமி என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். காய்ச்சினவனையும் கொடுத்தவனையும் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. குடிகாரப் பயலுக்கு வேண்டும் என்பீர்களானால், வெறும் மூக்கோடு ஒருதரம் அந்தத் தொட்டியை எட்டிப் பாருங்கள். ஆளை இறக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. லாரியும் இருந்தது. சொன்னபடி அன்று மாலை நான்கு மணிக்கு வந்து வாசலில் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு பகலைப் பொறுக்காதவர்கள்தான் குத்தினார்கள். கஸ்தூரி இன்னும் கயிற்றைக் கழற்றவில்லை.