அறுபதாவது பை

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. பெருந்துறைப் பக்கம் இருக்கிற அந்தத் தொழிற்சாலையில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. தெரிந்தவரிடம் தெரியாதவர் கேட்டுக்கொள்கிறார், அதற்கு வயது எதற்கு?

குருவின் பெயர் கோகிலவாணி. சீடர் பொன்னுரங்கம், முப்பது வருஷம் திருப்பூரில் சட்டை தைத்தவர். இப்போது பாராசூட் பை தைக்கிறார். கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனி அளவு அனுப்பும். இங்கே தைத்து அனுப்புவார்கள். விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்கிற பை அது. பாராசூட் அதற்குள்தான் மடிந்து கிடக்கும். தோளுக்கும் தொடைக்கும் வார் உண்டு.

“காசு குடுத்து மேல ஏறி, கீழ விழறாங்களா?” என்று பொன்னுரங்கத்தின் மனைவி கேட்டார்.

“விழறதில்ல, எறங்கறாங்க.”

அந்த வித்தியாசம் தன் தையலில் இருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. இருக்கட்டுமே.

ஒரே ஒரு குறை. அங்கே தைத்தவரே தன் பையைச் சோதித்து, உள்ளே இருக்கும் துணிச்சீட்டில் தன் நம்பர் போட்ட முத்திரையைக் குத்த வேண்டும். அதற்குப் பிறகு யாரும் அந்தத் தையலைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பொன்னுரங்கத்துக்கு முத்திரை இன்னும் கிடைக்கவில்லை. ஒன்பது மாதமாக அவர் பைகளுக்கு கோகிலவாணிதான் குத்திக்கொண்டிருந்தார். பின்னால் வந்து சேர்ந்த இரண்டு பெண்கள் முத்திரையைக் கழுத்தில் கோத்து மாட்டிக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள். அதைப் பார்த்தால் இவருக்குச் சோறு இறங்காது.

“எனக்கு எப்பங்க அம்மிணி?”

“இந்த லோடு முடியட்டுமுங்ண்ணா. கடைசிப் பைய நீங்க தைங்க.”

கடைசிப் பை அறுபதாவது. ஐந்து மணிக்குத் துறைமுகத்துக்கு வண்டி.

மூன்றேகாலுக்கு, தொடை வாரின் தடித்த மடிப்பில் ஊசி உடைந்தது.

ஊசி உடைந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மிஷின் மேல் சிவப்பு அட்டையை வைக்க வேண்டும். துண்டுகள் அத்தனையும் பொறுக்கி, ஊசி நோட்டில் முழு ஊசியாக ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் மேஜையில் இருந்த பையை அறுத்துப் போட்டுவிட வேண்டும். சட்டையென்றால் ஊசி தேடும் மிஷினில் விட்டுப் பார்க்கலாம். பாராசூட் பையில் இரும்பு வளையங்கள் இருப்பதால் அந்த மிஷின் சும்மாவே கத்தும்.

பொன்னுரங்கம் அட்டையை வைத்தார். காந்தத்தை மேஜையில் ஓட்டினார், தரையில் ஓட்டினார். மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவினார். இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. ஒரு நொய்யரிசி அளவு இருக்கும், அவ்வளவுதான்.

அவர் முன்பு இருந்த சட்டைக் கம்பெனியில் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். பழைய ஊசியின் முனையைக் குறடால் வெட்டி, காணாமல் போன இடத்தில் ஒட்டிவிடுவது. சட்டைக்குள் ஊசிமுனை கிடந்தால் போடுகிறவர் ஒருநாள் ‘ஸ்ஸ்’ என்பார், அதோடு சரி.

நாலு மணிக்கு அவருடைய கை அவரைக் கேட்காமலே அதைச் செய்துவிட்டது. கேட்காமல் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். கேட்டுத்தான் செய்தது.

கோகிலவாணி வந்து நோட்டைத் திறந்தார். ஒட்டிய ஊசிக்குப் பக்கத்தில் ஒரு புது ஊசியை வைத்தார். பார்த்தார். நோட்டை மூடிவிட்டு, மேல்கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டார்.

“இந்தாங்ண்ணா. உங்க நம்பர் பதினேழு.”

பொன்னுரங்கத்தின் உள்ளங்கையில் புது முத்திரை. கட்டைவிரல் நீளம்தான். ஒன்பது மாதமாக அதற்காக ஏங்கியவருக்கு இப்போது அதைப் பிடிக்கவே கை கூசியது.

“நீங்க ஒருக்கா பையப் பாத்துட்டீங்கன்னா...”

“முத்திரை யாரு கைல இருக்குதுங்க?”

“எங் கைலதானுங்க.”

“அப்பறம் நான் எதுக்கு?”

பொன்னுரங்கம் முத்திரையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஏதோ பேச்சுக்குக் கேட்பவர் மாதிரி கேட்டார்.

“அம்மிணி, நொய்யரிசி அளவு ஒரு துணுக்கு. ஒரு பையில இருந்துச்சுன்னா என்னங்க ஆயிரும்?”

“தெரியாதுங்ண்ணா.”

“உங்களுக்கே தெரியாதுங்களா?”

“ஒண்ணும் ஆகாமலும் போலாம்.”

சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற இடத்துக்கு கோகிலவாணி போய்விட்டார்.

திட்டியிருந்தால் பொன்னுரங்கம் பிழைத்திருப்பார். திட்டு வாங்கிப் பழகியவர்தான். இப்போது அவரும் பையும் மட்டும் மேஜையில்.

துணிச்சீட்டைத் திருப்பினார். பக்கத்தில் அளவுத்தாள் கிடந்தது. அதில் பெயர் இருக்காது, நம்பர்தான். பெண். உயரம் நூற்று ஐம்பத்தெட்டு. எடை ஐம்பத்துநாலு. இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.

அந்த அரை அங்குலத்துக்காக நேற்று ஒரு மணி நேரம் வாரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவர் அவர். தையல்காரனுக்கு அளவு போதும், ஆள் தெரிந்துவிடும். எதையோ வருஷக்கணக்காக ஒரே தோளில் சுமந்தவள். குழந்தையாக இருக்கலாம், பள்ளிக்கூடப் பையாக இருக்கலாம். இந்தப் பையை மாட்டும்போது ‘அட, எனக்கென்றே தைத்த மாதிரி இருக்கிறதே’ என்று நினைப்பாள் என்று நேற்று அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

முத்திரையைக் கீழே வைத்தார். பெரிய கத்தரியை எடுத்தார்.

தொடை வாரில் கத்தரி இறங்குகிற சத்தம் கேட்டு எல்லா மிஷின்களும் நின்றன. அவர் நிமிரவில்லை. தோள் வார், முதுகுப் பட்டை, மூடி என்று ஒவ்வொன்றாக அறுத்து, ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பார்த்தார். முனை இல்லை. ஐந்து மணிக்கு வண்டி ஐம்பத்தொன்பது பையோடு கிளம்பிப் போயிற்று.

கோகிலவாணி வந்து எதிரே நின்றார்.

“அம்மிணி, நோட்டுல இருக்கற முனை வேற ஊசியோடதுங்க. நாந்தான் வெட்டி ஒட்டுனேன்.”

“தெரியுமுங்ண்ணா. ஒடஞ்ச ஊசி எங்காவது வளருமா? புது ஊசிய விட நீளமா இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா முத்திரையக் குடுத்தீங்க?”

கோகிலவாணி மேஜையில் கிடந்த வார்களை ஒரு பக்கமாகக் குவித்தார்.

“நான் குத்தியிருந்தா?”

கோகிலவாணி லோடுத் தாளை நீட்டினார். ஐம்பத்தொன்பது பை என்று அச்சடித்திருந்தது. அச்சான நேரம் நாலு பத்து, அவர் கத்தரியை எடுப்பதற்கு முன்பே.

“பை போயிருக்காதுங்ண்ணா. நீங்க போயிருப்பீங்க.”

பொன்னுரங்கம் முத்திரையைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினார். கோகிலவாணி அதைத் தொடவில்லை.

“நாளையிலிருந்து அதே அளவுல மறுபடியும் தைக்கணுமுங்க. அந்த எடது தோள் உங்களுக்குத்தான் தெரியும். முத்திரைய இங்க வெச்சுட்டுப் போனா எதுல குத்துவீங்க?”

வெட்கமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. வேலைக்குக் கட்டியிருந்த மேல்துணியின் முடிச்சை அவிழ்ப்பதில் பொன்னுரங்கம் மும்முரமானார்.

“கொஞ்சம் நில்லுங்ண்ணா.”

கோகிலவாணி காந்தத்தை எடுத்தார். பொன்னுரங்கத்தின் தோளிலிருந்து மெல்லக் கீழே கொண்டுவந்தார். முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டைக் கையில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

காந்தத்தின் நுனியில் நொய்யரிசி அளவு ஒரு துணுக்கு பளபளத்தது.

பொன்னுரங்கம் அதைப் பார்த்தார். மேஜை மேல் குவிந்து கிடந்த வார்களையும் துணிகளையும் பார்த்தார். ஆறு நாள் வேலை.

“எம் மேலேயே இருந்திருக்குதே அம்மிணி! பைக்குள்ள போகவே இல்ல. ஐயோ, நல்ல பைங்க அது. நல்ல பையப் போயி அறுத்துட்டனே!”

கோகிலவாணி நோட்டைத் திறந்து, பொய் முனையைப் பிய்த்துவிட்டு, உண்மையான முனையை அதன் இடத்தில் வைத்து டேப்பை அழுத்தினார்.

“அறுக்கற வரைக்கும் அது நல்ல பை இல்லீங்ண்ணா.”