வெறும் தூக்குவாளி

மலையடிவாரத்து மடத்துச் சாமிக்கு ஊர் வைத்த பேர் மொட்டைச்சாமி. சிஷ்யை மங்கையர்க்கரசியைவிட இரண்டு வயது இளையவர். வயசைப் பார்த்தா குரு பிடிக்கிறார்கள்? திங்கள்கிழமை தவறாமல் அவருடைய பித்தளைத் தூக்குவாளியில் பருப்புச் சாதம் கொண்டுவந்துவிடுவாள்.

குருவுக்குக் கொண்டுபோகிற சோற்றை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். பார்த்தால் எச்சிலாகிவிடுமாம். அதனால் உப்பெல்லாம் கைக்கணக்குதான். ஒரு வாரம் கரிக்கும், ஒரு வாரம் சப்பென்று இருக்கும். சாமி எதுவும் சொன்னதில்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரத்துக்கு வாளியை அவளிடமே கொடுத்தனுப்புவார்.

அந்தத் திங்கள் வாளியில் சோறு இல்லை. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

"உங்க வாளி, சாமி. திருப்பிக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஏன் தாயி, ஓட்டை விழுந்துட்டுதா?"

"வாளி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மார்புல புற்று. நாளைக்குக் கீமோ ஆரம்பிக்கிறாங்க."

சாமி பாயை விரித்தார். உட்கார்ந்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முடியெல்லாம் கொட்டிருமாம்."

சாமி தன் தலையைத் தடவிக்கொண்டார். "குளிச்சா துவட்டுற வேலை மிச்சம் தாயி."

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. கேலி பேச நேரம் காலம் பார்க்காத மனுஷன்.

"ஆஸ்பத்திரிக்கு எல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"அதெல்லாம் மக பார்த்துக்கிட்டா. நான் வீட்டை ஒழிச்சேன். கோழிகளை நாத்தனார்கிட்ட விட்டாச்சு. நல்ல புடவையெல்லாம் மகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. இந்த வாளி ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

வைத்தியத்துக்குப் போகிறவள் பேச்சா இது?

"மனசை எப்படித் தயார் பண்றது சாமி? அதை மட்டும் சொல்லுங்க. போயிடுறேன்."

சாமி மூடியைத் திறந்து வாளிக்குள் பார்த்தார்.

"வாங்கின ஏனத்தை வெறுமையாவா திருப்பிக் கொடுப்பாங்க? உங்க வீட்டுல அப்படியா பழக்கினாங்க?"

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எல்லாம் யோசித்தவள் இதை எப்படி மறந்தாள்?

"இப்பவே போயி ஒரு படி அரிசி போட்டு..."

"அரிசி வேண்டாம். சோறு."

மூடியை அழுத்தி மூடி அவள் மடியில் வைத்தார்.

"கீமோ போட்டா நாக்குல ருசியே இருக்காதாம் சாமி. சோறு மண்ணு மாதிரி இருக்குமாம். அது எப்போ திரும்புமோ, திரும்பாதோ. பயமா இருக்கு."

"பயமாத்தான் இருக்கும். ருசி திரும்பட்டும், அப்புறம் கொண்டு வா. அவசரமில்லை."

"அதுவரைக்கும் திங்கள்கிழமை என்ன செய்வீங்க?"

"பசியோட இருப்பேன்."

அவள் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது சாமி கூப்பிட்டார்.

"தாயி, இந்தத் தடவை உப்புப் பார்த்துக் கொண்டு வா."

"எச்சிலாயிடுமே சாமி?"

"ஆகட்டும். நீ ருசி பார்த்த சோறுதான் எனக்கு வேணும்."