கவிழ்த்து வைத்த பானை

மலையைத் தொட்ட மேகமெல்லாம் பெய்யாமலே போய்க்கொண்டிருந்த ஒரு காலத்திலே, நம் பாட்டன் பூட்டனுக்கும் முந்தி, ஒரு பாறைக் கரட்டின் அடியிலே வெள்ளையம்மா என்று ஒரு ஞானி இருந்தாள்.

மடம் என்று பேர்தான். ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு கிணறு, ஒரு மாட்டுத் தொழுவம், எண்பது கோழி. சுற்றுப்பட்டு ஊரில் எவள் பிள்ளை பெற்றாலும், எந்தத் தெரு என்று கேளாமல், நாற்பது நாளைக்கு நாளொரு முட்டை அங்கிருந்து போகும். ஞானம் தேடி வருகிறவர்கள் கையில் வெள்ளையம்மா முதலில் துடைப்பத்தைத்தான் கொடுப்பாள்.

அப்படித் துடைப்பம் வாங்கிப் பதினோரு வருஷமாக இருந்தவர் மாசிலாமணி. வயதில் அவளைவிட மூத்தவர். முன்பு ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவள் அவரை ‘வாத்தியாரே’ என்பாள். அவர் அவளைத் ‘தாயி’ என்பார். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே வேறு ஆள் நுழைய இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒச்சம்மா நுழைந்தாள்.

ஆடு மேய்த்தவள். வந்த அன்றைக்கே முந்தானை முடிச்சை அவிழ்த்து, போன மழைக்குப் பிடித்துக் காயவைத்த ஈசலை அரிசியோடு வறுத்ததை, குருவின் முன்னால் வைத்தாள். வெள்ளையம்மா ஒரு பிடி வாயில் போட்டு மென்றாள். இன்னொரு பிடி போட்டாள். விரலையும் நக்கினாள்.

“வாத்தியாரே, நீங்களும் ஒரு வாய்.”

“பூச்சியையா, தாயி?”

“பறக்குறப்பதான் பூச்சி. வறுத்தாப் பலகாரம்.”

மாசிலாமணி வாங்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு தார் மலைவாழைப்பழம் சுமந்து வந்தார். வெள்ளையம்மா அத்தனையையும் கோழிக்குப் பிய்த்துப் போட்டாள்.

பங்குனி பிறந்ததும் கம்புக் குதிர் தரை தட்டியது. முப்பது குஞ்சு பொரித்திருந்த நேரம் அது. பெரிய கோழிகள் கரட்டில் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். குஞ்சு என்ன செய்யும்?

பதினைந்தை அவரிடமும் பதினைந்தை ஒச்சம்மாவிடமும் விட்டாள் வெள்ளையம்மா.

“தானியம் இல்ல. எப்படியாவது ஆடி வரைக்கும் உசுரோட கொண்டு சேருங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மாசிலாமணி காதில் மட்டும் அது, ‘உங்கள்ல யாரு ஒசத்தின்னு பாப்போம்’ என்று விழுந்தது.

ஒச்சம்மா ஓட்டைப் பானை ஒன்றை எடுத்தாள். காய்ந்த சாணி, கந்தல் சாக்கு, சோளத்தட்டை எல்லாவற்றையும் உள்ளே திணித்துத் தண்ணீர் தெளித்தாள். கரையான் ஓடும் இடமாகப் பார்த்து அந்தி சாய்கையில் கவிழ்த்து வைத்தாள்.

“அண்ணே, கெணத்துக்கு அந்தப் பக்கம் உங்களுக்கும் ஒண்ணு வைங்க. பொழுது கெளம்புமுன்ன ஒரே தடவதான் தூக்கணும். சும்மா சும்மா தொறந்தா வெளிச்சம் பட்டுக் கரையான் மண்ணுக்குள்ள ஓடிரும். உள்ள இருக்குறத அது தின்னு தீக்கத் தீக்க, புதுசாத் திணிக்கணும்.”

“எனக்குத் தெரியும்” என்றார். தெரியாது.

“கம்பு வயித்த ரொப்பும்ணே. குஞ்சுக்குச் சதை புடிக்கணும்னா கரையான்தான். அது திங்கிறது என்ன? யாருக்கும் ஆகாத சாணியும் சாக்கும். அத நம்ம குஞ்சு தின்னா, நாளைக்கு முட்டையாப் போயி பிள்ள பெத்த ஒருத்திக்கு ஒடம்பு தேத்துது.”

“கேட்டீங்களா வாத்தியாரே!” என்று வெள்ளையம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பதினோரு வருஷத்தில் தனக்கு ஒருதரம்கூடக் கிடைத்ததில்லை என்று அவர் மனசு கணக்குப் போட்டது.

அவரும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பானையைக் கவிழ்த்தார். மறுநாள் அதில் ஒரு கரண்டி கரையான் தேறியது. அதற்கு மறுநாள் இரண்டு கரண்டி. குஞ்சுகள் கண்மூடித் திறப்பதற்குள் கொத்தி முடித்துவிட்டு அவர் கையையே பார்த்தன. அவர் ஒச்சம்மாவின் முறத்தைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இரண்டு கை நிறையக் கரையான் நெளிந்தது.

மூன்றாம் நாள், முதல் கோழி கூவும்போதே கைவிளக்கோடு எழுந்தார். கால் தன் பானைக்குப் போகவில்லை. அவள் பானைக்குப் போயிற்று. மெல்லத் தூக்கினார். சாக்கு முழுக்கக் கரையான். மூன்று கை இருக்கும். விளக்கைக் கிட்டே பிடித்தார். இல்லை, நாலு கை.

 பானையை இருந்தபடியே கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். தன் பானையை என்னத்தைப் பார்ப்பது? அதில் என்ன இருந்துவிடப் போகிறது?

அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. தினமும் எழுந்து அவள் பானையைத் தூக்கிப் பார்த்து, வயிறெரிந்து, வந்து படுப்பார். விடிந்தால் தன் கூழில் பாதியைக் குஞ்சுகளுக்கு ஊற்றுவார். அவை அலகை நனைத்துக்கொண்டு நிற்கும். ஐந்தாம் நாள் இரண்டு குஞ்சு செத்தன.

ஒச்சம்மா முறத்தோடு வந்தாள்.

“எங்கிட்டப் போதும் போதும்னு இருக்குண்ணே. பாதியப் போடுங்க.”

“வேணாம்.”

“குஞ்சு கத்துதே.”

“என் குஞ்சு. கத்தட்டும்.”

அவள் முறத்தோடு திரும்பிப் போனாள்.

ஆறாம் நாள் அவள் முறத்திலும் கரையான் குறைந்தது. ஏழாம் நாள் அரைக் கை. எட்டாம் நாள் வெறும் மண்.

“பானைய எதுவோ வந்து தூக்குதுண்ணே. நாயா நரியான்னு தெரியல.”

“நாயாத்தான் இருக்கும்” என்றார் மாசிலாமணி.

அன்றைக்குக் கூழ் அவருக்கு இனித்தது. சாயந்தரம் அவள் குஞ்சில் ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டதைப் பார்த்ததும் இனிப்பு போய்விட்டது. ஆத்திரம் மட்டும் போகவில்லை. விடிந்ததும் நேரே குருவிடம் போனார். அவள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“தாயி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“பதினோரு வருசமா உங்க காலடியில கெடக்கேன். நேத்து வந்தவளுக்கு மட்டும் என்னத்தச் சொல்லிக்கொடுத்தீங்க?”

வெள்ளையம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். “அவளுக்கு எம்புட்டுக் கெடச்சுச்சு?”

“மூணாம் நாள் நாலு கை. நாலாம் நாள் அஞ்சு. அஞ்சாம் நாளும் அஞ்சு, அதுல காவலுக்கு நிக்கிற பெரிய தலைக் கரையான் கொஞ்சம். ஆறாம் நாள் மூணு. ஏழாம் நாள் அரை.”

தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஒச்சம்மா நிமிர்ந்தாள்.

“நானே எண்ணுனதில்லையேண்ணே!”



“உங்க பானையில?” என்றாள் வெள்ளையம்மா.

மாசிலாமணி கிணற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

வெள்ளையம்மா கிணற்றைச் சுற்றி நடந்தாள். இரண்டு பேரும் பின்னால் போனார்கள். அவர் பானை வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் குனிந்து தூக்கினாள். வரவில்லை, மண்ணோடு கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அசைத்து இழுத்தாள். பொடுக்கென்று பெயர்ந்து வந்தது.

உள்ளே சாணி இல்லை. சாக்கு இல்லை. தட்டை இல்லை. வாயிலிருந்து அடிவரைக்கும் விரல் கனத்துக்குக் காய்ந்த மண். அந்த மண்ணெல்லாம் வழி, வழிக்குள் வழி. ஒரு கரையான்கூட இல்லை.

“ஆத்தீ!” என்றாள் ஒச்சம்மா. “எம் பானைக்கு வந்த கரையான் இதுல பாதிகூட இருக்காதேண்ணே. அம்புட்டையும் தின்னு முடிச்சுட்டுல்ல போயிருக்கு.”

வெள்ளையம்மா ஒரு துண்டு மண்ணைப் பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டுப் பக்கமிருந்து குஞ்சுகளின் சத்தம் வந்தது. பசிச் சத்தம் அது. இத்தனை நாளும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

“ஒச்சம்மா” என்றார். “அந்த நாய் நான்தான்.”

ஒச்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு கிணற்றடியில் கிடந்த கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நாயின்னா வெரட்டி விட்டுருப்பேன்” என்று சொல்லிவிட்டு, சாணி அள்ளத் தொழுவத்துக்குப் போனாள்.

மாசிலாமணி குருவின் பக்கம் திரும்பினார்.

“தாயி, இன்னைக்கு என் குஞ்சுக்கு நான் என்ன போட?”

“நேத்து வந்தவளுக்கு என்னத்தச் சொல்லிக்கொடுத்தேன்னு கேட்டீங்க” என்றாள் வெள்ளையம்மா. “வந்த அன்னைக்கு அவ எங்கிட்டக் கேட்டது, ‘கோழிக்கு என்ன போடுறீங்க’ன்னுதான். வேற ஒண்ணும் கேக்கல, வாத்தியாரே. நானும் ஒண்ணும் சொல்லல.”

அவள் பெருக்கி முடிக்காத வாசலுக்குத் திரும்பிப் போனாள்.

மாசிலாமணி பானையை எடுத்துக்கொண்டு தொழுவத்தைப் பார்த்து நடந்தார்.